உரிமைப் பட்டயமும் கதையின் உண்மையும்

சித்திரக்கதையைப் பற்றி இலக்கிய மலர் ஒன்றில் எழுதப் புகுவோர் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது வழக்கமாக இருந்துவருகிறது. அவ்வழக்கத்தை நான் பின்பற்றப்போவதில்லை. 1938-இல் சூப்பர்மேன் தோன்றியது முதல் இன்றுவரை நூற்றுக்கணக்கான எழுத்தாளரும் ஓவியரும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொட்டு வளர்த்துவரும் கதையுலகங்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ளன. ஒரு தனி ஆசிரியனின் ஆயுளைக் கடந்து வாழும் இத்தகைய பெருங்கதையில், எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தீர்ப்பவர் யார்? இது சிறுபிள்ளை விளையாட்டன்று. ஒரு படைப்பின் உண்மை எங்கே உறைகிறது என்னும் பழைய வினாவே புதிய உடையில் வந்து நிற்கிறது.

ஒரு கதையுலகில் உண்மையாகவே நிகழ்ந்தவை என ஏற்கப்படும் கதைகளின் தொகுதியைக் 'கேனன்' என்பர். கோல், அளவுகோல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. அதனை இக்கட்டுரையில் மெய்வரலாறு என்று வழங்குவோம். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் மெய்வரலாறு எது என்பதில் சிக்கல் மிகுதியில்லை. கோனன் டாயில் எழுதிய 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் மெய். பிறர் எழுதியவை எவ்வளவு சுவையுடையனவாயினும் அத்தொகுதிக்குப் புறம்பானவை. ஆசிரியர் ஒருவர், ஆதலின் அளவுகோலும் ஒன்று.

சித்திரக்கதையில் இந்த எளிமை இல்லை. அதிலும், இருவேறு நிறுவனங்களுக்கு உரிய கதைமாந்தர் ஒரே கதையில் சந்திக்கும் கூட்டுக்கதைகளில் சிக்கல் இருமடங்காகிறது. 1976-இல் டி.சி. நிறுவனத்தின் சூப்பர்மேனும் மார்வெல் நிறுவனத்தின் ஸ்பைடர்மேனும் ஒரே நூலில் சந்தித்தனர். அதன்பின் இத்தகைய சந்திப்புகள் பல நிகழ்ந்தன. அவை அவ்வீரர்களின் வாழ்வில் நடந்தவைதாமா, அன்றித் திருவிழாக் காட்சிபோல் ஒருநாள் கண்டு மறக்கவேண்டியவையா என்பதே நம் முன் உள்ள வழக்கு.

இவ்வழக்கில் இரண்டு தீர்ப்புகள் மேலோங்கி நிற்கின்றன. உரிமையாளர் ஏற்றால் மெய், மறுத்தால் பொய் என்பது ஒன்று. கூட்டுக்கதை எதுவாயினும் அது வணிக விளையாட்டே. முழுவதையும் தள்ளுக என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிழையானவை என்பதே என் துணிபு.

உரிமையாளர் வாக்கே வேதமா?

முதல் தரப்பினரின் வாதம் சட்டத்தின் துணையோடு வருவதால் உறுதியானது போலத் தோன்றுகிறது. கதைமாந்தன் யாருடைய உடைமையோ அவரே அவன் வரலாற்றைத் தீர்மானிக்க வேண்டும் என்கின்றனர். ஆயின், உடைமை ஒன்றாகவே இருந்தும் வரலாறு இரண்டாகப் பிரியும் இடங்களை இவர்கள் கண்டிலர்.

நம் நாட்டு வாசகர் நன்கறிந்த சான்று ஒன்றைக் காண்போம். இந்திரஜால் காமிக்ஸ் இந்தியாவெங்கும் பரப்பிய ஃபேண்டமும் மந்திரவாதி மாண்ட்ரேக்கும் லீ ஃபாக் என்னும் ஒரே எழுத்தாளரின் படைப்புகள். கிங் ஃபீச்சர்ஸ் என்னும் ஒரே நிறுவனத்தின் உடைமைகள். 1977-இல் செய்தித்தாள் தொடரில் ஃபேண்டத்துக்கும் டயானாவுக்கும் திருமணம் நடந்தபோது மாண்ட்ரேக்கும் லொதாரும் விருந்தினராக வந்தனர். அத்திருமணம் நிலைத்தது, இரட்டைக் குழந்தைகள் பிறந்தனர், தொடரின் போக்கே மாறியது. பின்னர் 1986-இல் 'டிஃபெண்டர்ஸ் ஆஃப் தி எர்த்' என்னும் அசைபடத் தொடரில் அதே ஃபேண்டம், அதே மாண்ட்ரேக், ஃபிளாஷ் கார்டன் ஆகியோர் ஒன்றாகத் தோன்றினர். 1987-இல் அது சித்திரக்கதையாகவும் வெளிவந்தது. அதில் வரும் ஃபேண்டம், செய்தித்தாள் தொடரில் நாம் அறிந்த 21-ஆம் ஃபேண்டம் அல்லன்; 27-ஆமவன். கதை நிகழ்வதோ 2015-ஆம் ஆண்டில்.

இரண்டும் கூட்டுக்கதைகள், இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே. எனினும் முன்னது ஃபேண்டத்தின் வாழ்க்கை; பின்னது அவன் பெயரால் ஆடிய ஆட்டம். இந்த வேறுபாட்டை வாசகர் எவரும் உணர்வர். உணர்த்துவது எது? உரிமைப் பட்டயமன்று, அது இரண்டிலும் ஒன்றே.

இன்னொரு சான்று காண்க. ஏலியன், பிரிடேட்டர் என்னும் இருவகைக் கொடிய உயிர்களையும் டார்க் ஹார்ஸ் நிறுவனம் 1989-இல் சித்திரக்கதையில் மோதவிட்டது. 1990-இல் வந்த இரண்டாம் பிரிடேட்டர் திரைப்படத்தில், வேட்டைப் பரிசுகளின் நடுவே ஏலியன் மண்டையோடு ஒன்று காட்டப்பட்டது. 2004-இல் இரண்டும் மோதும் முழுத் திரைப்படமே வந்தது. அதில் வேலண்ட் நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் பிஷப் வேலண்ட். 2012-இல் 'பிரமீதியஸ்' வந்தபோது வேலண்ட் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் பீட்டர் வேலண்ட் ஆனார். முன்னவர் பேச்சே இல்லை. இவை யாவும் ஒரே திரைப்பட நிறுவனத்தின் வெளியீடுகள். உரிமையாளர் வாக்கே வேதமெனின், எந்த ஆண்டின் வாக்கை ஓதுவது?

இனி, உரிமையாளர் ஆணையிட்டே தீர்ப்பளித்த இடமும் உண்டு. 2014 ஏப்ரலில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம், பல்லாண்டுகளாக வெளிவந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களையும் சித்திரக்கதைகளையும் ஒரே அறிவிப்பில் 'லெஜண்ட்ஸ்' எனப் பெயரிட்டு மெய்வரலாற்றினின்று விலக்கியது. விலக்கப்பட்டவர்களுள் ஒருவன், டிமதி ஸான் 1991-இல் படைத்த தளபதி த்ரான். 2016-இல் அவனையே அந்நிறுவனம் புதிய தொடருக்குள் அழைத்துவர நேர்ந்தது. ஆணையால் துரத்தப்பட்டவன் தன் வலிமையால் மீண்டான். ஆணைக்குப் பணியாத ஏதோ ஒன்று கதைக்குள் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த நம் பெரியோர், ஒரு பாடல் மெய்யா இடைச்செருகலா என்று தேர்ந்தபோது, அச்சுவடி யார் வீட்டுப் பரணில் இருந்தது என்பதைக் கொண்டு முடிவு செய்தாரல்லர். பாடலின் சொல்லையும் நடையையும் பொருள் தொடர்ச்சியையும் நோக்கினர். சுவடிக்கு உடையவன் உண்டு. பாட்டின் உண்மைக்கு உடையவன் இல்லை.

வேலி கட்டுவோர்

இரண்டாம் தரப்பினர் தூய்மை வேண்டுவோர். கூட்டுக்கதை அனைத்தும் காசுக்காக எழுதப்பட்டவை. ஆதலின் அனைத்தையும் வேலிக்கு வெளியே நிறுத்துக என்கின்றனர். காசுக்காக எழுதப்படாத சித்திரக்கதை எது என்று நான் கேட்கவில்லை. அவர்கள் வேலியை வழிமொழிந்து, அதன்பின் உள்ளே எஞ்சுவது என்ன என்று மட்டும் பார்ப்போம்.

1998-இல் 'வைல்ட்கேட்ஸ் / ஏலியன்ஸ்' என்னும் கூட்டுக்கதை வெளிவந்தது. எழுதியவர் வாரன் எல்லிஸ்; வரைந்தவர் கிறிஸ் ஸ்ப்ரௌஸ். ஒரு நிறுவனத்தின் வீரர்கள் இன்னொருவருக்கு உரிய அரக்க உயிர்களை எதிர்க்கும் கதை என்றே அட்டையைக் கண்டோர் எண்ணியிருப்பர். உள்ளே நிகழ்ந்ததோ, ஸ்டார்ம்வாட்ச் என்னும் வீரர் படையின் அழிவு. அப்படையின் விண்வெளி நிலையத்துள் ஏலியன்கள் புகுந்தன. வீரர் பலர் மாண்டனர். விண்டர் என்னும் தலைவன் அந்நிலையத்தோடு கதிரவனுக்குள் பாய்ந்து மடிந்தான். அந்த அழிவின் மேல்தான் எஞ்சிய சிலரைக்கொண்டு 1999-இல் 'தி அத்தாரிட்டி' என்னும் தொடர் எழுந்தது. அக்காலத்துச் சித்திரக்கதையின் போக்கையே மாற்றிய தொடர் அது.

வேலி கட்டுவோரை நோக்கி ஒரு வினா: கூட்டுக்கதை நடக்கவில்லை என்றால், ஸ்டார்ம்வாட்ச் வீரர்களைக் கொன்றது யார்? பின்னாளில் அவர்களுள் சிலரை உயிர்ப்பித்துக் கொண்டுவந்த கதையும் எழுதப்பட்டது. உயிர்ப்பிக்க வேண்டுமாயின் முதலில் இறந்திருக்க வேண்டுமன்றோ? ஏலியன் உரிமை வைத்திருந்த நிறுவனம் 2019-இல் டிஸ்னியின் கைக்குப் போயிற்று. பட்டயம் கைமாறியதால் விண்டர் கதிரவனிலிருந்து திரும்பிவிடவில்லை.

இதனினும் விந்தையானது டெத்ஸ் ஹெட் என்னும் கூலி வேட்டைக்காரனின் கதை. சைமன் ஃபர்மன் எழுத்திலும் ஜெஃப் சீனியர் ஓவியத்திலும் 1987-இல் இங்கிலாந்தில் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' இதழில் தோன்றியவன் அவன். அவ்விதழின் பேரியந்திரங்களுக்கு ஈடாக மாளிகை உயரம் கொண்டவன். பொம்மை நிறுவனத்தின் உடைமையாகிவிடாமல் அவனைத் தமக்கே உரிமையாக்கிக்கொள்ள, மார்வெல் நிறுவனத்தார் ஒரு பக்கக் கதை ஒன்றைத் தனியே வரைவித்தனர். பிறகு அவனுக்கென்று தனி இதழ் தொடங்க விரும்பினர். மாளிகை உயர இயந்திரன் மனிதரிடையே உலவுவது எங்ஙனம்? 1988-இல் அவன் 'டாக்டர் ஹூ' கதைக்குள் சென்றான். டாக்டர் ஒரு கருவியால் அவனை மனித உயரத்துக்குச் சுருக்கினார். அதன்பின் அவன் தன் கதையில் அவ்வுருவிலேயே வாழ்ந்தான்.

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒருவர் உடைமை. டாக்டர் ஹூ பி.பி.சி.யின் உடைமை; டெத்ஸ் ஹெட் மூன்றாமவர் உடைமை. வேலி கட்டுவோர் முதல் இரண்டையும் வெட்டி எறிந்தால், அவன் பிறப்புக்கும் இடமில்லை, உயரத்துக்கும் காரணமில்லை. எஞ்சுவது பிறவாமலே வளர்ந்து, வளர்ந்தபின் காரணமின்றிக் குறுகிய ஓர் இயந்திரன். தூய்மையின் பேரால் நாம் பெறுவது இதுதானா?

நீக்கிப் பார்

ஆகவே அளவுகோலை உரிமைப் பட்டயத்திலும் தேடவேண்டா; வேலியிலும் தேடவேண்டா. கதையிலேயே தேடுவோம். நான் முன்வைக்கும் அளவுகோல் ஒன்றே: கூட்டுக்கதையை நீக்கிப் பார். நீக்கியபின் அடுத்து வரும் கதைகள் குறைவின்றி நின்றால், அது மெய்வரலாறு அன்று. நீக்கியவுடன் பின்கதை காரணமிழந்து சரிந்தால், யார் மறுத்தாலும் அது மெய்வரலாறே. தூணா, தோரணமா என்று அறிய வீட்டுக்காரனிடம் கேட்கவேண்டியதில்லை. எடுத்துப் பார்த்தால் கூரை சொல்லும்.

இக்கோல் என் விருப்பத்துக்கு வளைவதில்லை என்பதையும் காட்டவேண்டும். 1976-ஆம் ஆண்டின் சூப்பர்மேன் - ஸ்பைடர்மேன் நூல் வாசகர் பலரின் நெஞ்சுக்கு நெருக்கமானது. அதில் இருவரும் தொடக்கம் முதலே ஒரே உலகில் வாழ்வோராகக் காட்டப்பட்டனர்; சந்தித்தனர்; பொருதனர்; கைகோத்தனர்; பிரிந்தனர். அதை நீக்கினால் இருவர் தொடரிலும் ஒரு செங்கல்லும் அசையாது. ஆகவே அது மெய்வரலாறு அன்று. அழகிய தோரணம், அவ்வளவே. மெய்வரலாறு அன்று என்பதால் அதன் சுவை குன்றிவிடாது. மெய்வரலாறு என்பது தகுதிப் பட்டமன்று, காரணகாரியத் தொடர்ச்சி.

சிவகாசியிலிருந்து 1972-இல் வந்த முத்து காமிக்ஸ் வழியே இரும்புக்கை மாயாவியைத் தம் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்ட தமிழ் வாசகர்க்கும் இக்கோல் சலுகை தராது. 1962-இல் 'வேலியண்ட்' இதழில் பிறந்த அந்த மாயாவியையும், ஸ்பைடர் முதலிய பழைய ஆங்கில வீரர்களையும் ஒரே சிறைக்குள் அடைத்துக்காட்டிய 'ஆல்பியன்' என்னும் கூட்டுக்கதை 2005-இல் தொடங்கி வெளிவந்தது. கதைக்கரு ஆலன் மூர் தந்தது. அதை நீக்கினால் நம் மாயாவியின் பழைய வீரச்செயல்களில் ஒன்றும் குறையாது. ஆகவே மாயாவி முதுமையில் சிறைப்பட்டான் என்று நாம் வருந்தவேண்டிய கட்டாயம் இல்லை. ஆலன் மூரின் பெரும்பெயரும் இக்கோலை வளைக்காது.

ஒரு சத்திரம், இரு வழிப்போக்கர்

இக்கோலைக் கைக்கொண்டவுடன், இதுவரை எவரும் போதிய அளவு அழுத்திச் சொல்லாத ஓர் உண்மை புலனாகிறது. ஒரு கூட்டுக்கதை ஓர் உலகுக்கு மெய்வரலாறாகவும் மற்ற உலகுக்கு வெறுங்கதையாகவும் ஒருங்கே இருக்கலாம். வழக்காடுவோர் இரு தரப்புக்கும் ஒரே தீர்ப்பு வேண்டும் என்று பிடிவாதம் செய்வதாலேயே வழக்கு முடியாமல் நீள்கிறது.

ஒரே சத்திரத்தில் ஓரிரவு தங்கிய இரு வழிப்போக்கருள் ஒருவனுக்கு அவ்விரவு வாழ்வையே மாற்றிவிடும். மற்றவன் விடிந்ததும் மறந்துபோவான். சத்திரம் ஒன்று, வரலாறு இரண்டு. வைல்ட்கேட்ஸ் / ஏலியன்ஸ் கதை ஸ்டார்ம்வாட்சுக்கு ஊழித்தீ. ஏலியன் திரைப்படங்களுக்கோ அது காற்றில் கரைந்த ஒலி.

2003 - 2004-இல் கர்ட் பியூசிக் எழுதி ஜார்ஜ் பெரஸ் வரைந்த 'ஜே.எல்.ஏ. / அவெஞ்சர்ஸ்' நான்கு பகுதிகளாக வெளிவந்தது. அதன் முடிவில் குரோனா என்னும் கொடியவன் ஓர் அண்ட முட்டையாகி, ஜஸ்டிஸ் லீக் வீரர்களின் காவலில் வைக்கப்பட்டான். அடுத்து அதே பியூசிக் ஜே.எல்.ஏ. இதழின் 107 முதல் 114 வரையிலான கதையில் அம்முட்டையை முதன்மைப் பொருளாக்கினார். ஆகவே டி.சி. உலகில் அக்கூட்டுக்கதை தூண். மார்வெல் உலகில் அதற்கு ஒப்பான சுமையை அது தாங்கவில்லை. அங்கே அது தோரணமே. இவ்வாறு பிரித்துத் தீர்ப்பளிப்பதில் முரண் ஏதுமில்லை.

மறுப்புரைகளுக்கு விடை

"பின்கதை எழுதும் எவனும் ஒரு வரியால் எந்தக் குப்பையையும் மெய்யாக்கிவிடலாமே" என்பர் சிலர். ஒருவரி நினைவூட்டல் வேறு. கதை தாங்கும் காரணம் வேறு. பிரிடேட்டர் படத்தில் தோன்றிய மண்டையோட்டை எடுத்துவிட்டாலும் அப்படம் முழுமையாக நிற்கும். அது கண்சிமிட்டல், சான்றாகாது. பின்கதை தன் எடை முழுவதையும் முன்கதையின்மேல் வைக்கும்போதுதான் நம் கோல் செல்லும்.

"முரண்பாடுகள் மலியுமே" என்பர் வேறு சிலர். கூட்டுக்கதைகளைத் தள்ளிவிட்ட உலகங்களில் முரண்பாடே இல்லைபோலும்! டி.சி. நிறுவனம் தன் சொந்தக் கதைகளின் முரண்பாடுகளைத் தீர்க்கவே 1985 - 1986-இல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்னும் பெருங்கதையில் உலகங்கள் பலவற்றை அழிக்கவேண்டியதாயிற்று. அம்முரண்பாடுகளை வீட்டாரே விளைவித்தனர். விருந்தினர் கொண்டுவந்தனர் அல்லர்.

"கற்பனைதானே, எதற்கு இத்தனை வழக்கு?" என்று எல்லாவற்றையும் உதறுவோர்க்குத் தனியே விடை சொல்லவேண்டும்.

இழப்பு யாருக்கு?

1979-இல் பொம்மை ஒன்றை விற்பதற்காக மார்வெல் நிறுவனம் 'ரோம்' என்னும் விண்வீரனின் சித்திரக்கதையைத் தொடங்கியது. பொம்மை விலைபோகவில்லை. கதையோ 1986 வரை 75 இதழ்கள் நடந்தது. 75 இதழ்களையும் எழுதியவர் பில் மாண்ட்லோ. பொம்மைக்காக எழுதப்பட்ட அக்கதையை அவர் நாடிழந்த ஒருவனின் துயரக் கதையாக்கினார். ரோமின் பகைவர்களான டயர் ரெய்த்துகளை எதிர்க்க உருவான கருவி ஒன்றுதான், 1984-இல் எக்ஸ்-மென் 185-ஆம் இதழில் ஸ்டார்ம் என்னும் வீராங்கனையின் ஆற்றலைப் பறித்தது. ஆற்றலிழந்த நிலையிலும் அவள் 201-ஆம் இதழில் சைக்ளாப்ஸை வென்று தலைமையை நிலைநாட்டிய கதையை எக்ஸ்-மென் வாசகர் மறவார். ரோமை நீக்கினால் இவையெல்லாம் சரியும்.

ஆனால் உரிமம் முடிந்தது. அதன்பின் நெடுங்காலம் அந்த 75 இதழ்களை மறுபதிப்புச் செய்ய வழியில்லாமற் போயிற்று. விளைவு நின்றது; காரணம் கடைகளிலிருந்து மறைந்தது. ஒரு தலைமுறை வாசகர் ஸ்டார்மின் துயரைப் படித்தனர். அதன் வேரைப் படிக்க இயலவில்லை. 1992-இல் பில் மாண்ட்லோ விபத்தொன்றில் சிக்கித் தலையில் கடுங்காயமுற்றார். அதன்பின் அவரால் எழுதும் வாழ்வுக்குத் திரும்ப இயலவில்லை. கீத் கிஃப்பனோடு சேர்ந்து அவர் படைத்த ராக்கெட் ரக்கூன் 2014-இல் திரைப்படத்தால் உலகப்புகழ் பெற்றான். அப்போதும் அவருடைய நெடிய உழைப்பாகிய ரோம் பூட்டிய அறைக்குள்ளேயே கிடந்தது. 2023-இல்தான் மறுபதிப்புக்கு உரிமை கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் தொகுப்பு வரத்தொடங்கியது.

ஜார்ஜ் பெரஸின் வரலாறும் இதற்கு உறவுடையது. இரு குழுக்களும் சந்திக்கும் கதைக்காக 1983-இலேயே அவர் பக்கங்கள் வரைந்தார். இரு நிறுவனங்களின் பதிப்பாசிரியர்க்கிடையே எழுந்த பிணக்கால் அது கைவிடப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் அதனை வரைந்து முடிக்க முடிந்தது. அவர் நோயுற்று இறுதிநாள்களில் இருந்த 2022-இல், சித்திரக்கதைக் கலைஞர்க்கு உதவும் அறநிறுவனத்தின் வழியே 7,000 படிகள் மட்டும் மறுபதிப்பாயின. அவ்வாண்டு மே மாதம் அவர் மறைந்தார்.

உதறிப் பேசுவோர்க்கு நான் சொல்லும் விடை இதுவே. கதை கற்பனைதான், ஆனால் எழுதிய கை கற்பனையன்று. உரிமையாளர் வாக்கே மெய்வரலாற்றின் அளவுகோல் என்று வாசகர் ஒப்புக்கொண்ட நாளில், உரிமம் முடிந்த கதை நடவாத கதையாகிறது. நடவாத கதையை யாரும் தேடார். தேடாத கதையை யாரும் அச்சிடார். அச்சிடாத கதையோடு அதை எழுதியவனும் மறைகிறான். ஆகவே இவ்வழக்கில் நாம் தரும் ஒப்புதல் வெறும் பேச்சன்று. அதன் சுமை ஒரு படைப்பாளியின் தலையில் இறங்குகிறது.

நிறுவனங்கள் தம் உடைமையைக் காத்துக்கொள்ளட்டும்; அது சட்டம் அவர்க்கு அளித்த உரிமை. எதை விற்பது, எதை விற்காமல் விடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் எது நடந்தது என்று சொல்லும் அதிகாரத்தை அவர்கள் கேட்கும்போது வாசகன் தலையசைக்க வேண்டியதில்லை. நூலைத் திறந்து, ஐயத்துக்குரிய கதையை நீக்கிப் பார்க்கட்டும். கூரை நின்றால் நகைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டட்டும். கூரை சரிந்தால், அந்தத் தூணை நட்டவன் பெயரை உரக்கச் சொல்லட்டும்.